கட்சிக்கொடி மாத்திரை

கூத்தாநல்லூர்
14-11-1969

அன்பு மச்சானுக்கு உங்கள் கமருன்னிஸாவின் சலாம்.

நோன்பு தொடங்கி மூன்று நாளாகிறது. இந்த முட்டியை வைத்துக்கொண்டு நோன்பு பிடிக்க வேண்டாம் என்று மாமியிடம் தலைதலையாக அடித்துக்கொண்டேன், கேட்டால்தானே. பெற்ற மகன் பேச்சையே கேட்காதவர் மருமகள் பேச்சையா கேட்கப் போகிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் கொடுத்துவிட்ட மாத்திரையில் எல்லையம்மாள் கால் ஆறிவிட்டது. எல்லையம்மாளைத் தெரியும்தானே? நம் மூன்று மா நிலத்தைப் பார்த்துக்கொள்கிற மருதையன் பெண்டாட்டி, கொல்லையில் நெல் அவிக்க வருவாளே, அவள்தான். நடவு வயலில் கண்ணாடிச் சில் குத்தி, பாதம் வீங்கி, காலைத் தரையில் ஊன்ற முடியாமல் கிடந்தாள். கறுப்பும் சிவப்புமாக இருக்கிறதே, அந்த மாத்திரையை நீங்கள் எழுதியபடி ஐந்து நாளும் விடாமல் கொடுத்தேன். மூன்றாம் நாளே வீக்கம் வடிந்துவிட்டது. அதுதான் சரியாகிவிட்டதே, மிச்சத்தைப் பிள்ளைக்கு வைத்துக்கொள்கிறேன் என்றாள். நான் விடவில்லை. என் கண்ணெதிரே விழுங்கினால்தான் நோன்புக் கஞ்சி என்று சொல்லிவிட்டேன்.

ஆற்றுக்கு அக்கரையில் அவர்கள் தெருவில் அதற்குக் கட்சிக்கொடி மாத்திரை என்று பேரே வைத்துவிட்டார்கள். ஆட்சிக்கு வந்ததும் கூலி கூடும் என்று பார்த்தோம், அது வரவில்லை, மாத்திரையாவது வந்ததே என்று மருதையன் சிரிக்கிறான். அவன் செங்கொடிச் சங்கத்துக்காரன், அப்படித்தான் பேசுவான்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன் எல்லையம்மாளுக்கு ஆஸ்பத்திரியில் பெனிசிலின் ஊசி போட்டபோது முகம் வீங்கி, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டிவிட்டதாம். அங்கேயே மாற்று ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்களாம். இனி ஆயுசுக்கும் இதைத் தொடக்கூடாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம். அந்தச் சீட்டைக் கூரையில் செருகி வைத்தாளாம், மழையில் போய்விட்டது. எல்லா மாத்திரையும் தின்று முடித்த பிறகு, கதை சொல்கிற மாதிரி இதைச் சொல்கிறாள்! கட்சிக்கொடி அந்த வகை இல்லையே மச்சான்? மறக்காமல் எழுதுங்கள்.

என்னை டாக்டரம்மா என்கிறார்கள். கல்யாணமாகி ஒன்பது வருஷம், மடியில் பிள்ளை இல்லை, விசேஷ வீட்டில் பின்வரிசையில் உட்காருகிறவள் நான். இப்போது கொல்லை வாசலில் நாலு பேர் எனக்காகக் காத்திருக்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறது, சொல்வதற்கென்ன.

கமருன்னிஸா


பினாங்கு
2-12-1969

கமருன்னிஸாவுக்கு,

நலம். உன் கடிதம் நேற்றுக் கிடைத்தது. உம்மாவுக்கு முட்டித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

முதலில் பயத்தை விடு. நான் அனுப்பிய கறுப்பு சிவப்பு டெட்ராசைக்ளின். அதற்கும் பெனிசிலினுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எல்லையம்மாளுக்கு அது தாராளமாக ஆகும். ஆனால் பிள்ளைத்தாய்ச்சிக்கும் எட்டு வயசுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கும் அதைக் கொடுத்துவிடாதே, பிள்ளைகளின் பல் நிறம் கெட்டு அப்படியே நின்றுபோகும். பாலும் மோரும் குடித்த வயிற்றில் போட்டால் உடம்பில் ஏறாது. குடித்திருந்தால் இரண்டு மணி நேரம் கழித்துப் போடச் சொல்.

வெள்ளை மாத்திரை டைபாய்டுக்கு மட்டும். அதையும் டாக்டர் பார்த்துச் சொல்லாமல் தொடாதே, பல்லாயிரத்தில் ஒருவருக்கு ரத்தத்தையே கெடுத்துவிடும். மூக்கொழுகல், தும்மல், சாதாரண இருமல் என்று வருகிறவர்களுக்கு எதையும் கொடுக்காதே. அந்தக் கிருமி வேறு, இந்த மருந்து அதை ஒன்றும் செய்யாது. மாத்திரை கொடுக்காவிட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று நீ கொடுப்பாய், எனக்குத் தெரியும். மாசக்கணக்கில் விடாமல் இருமுகிறவர்களுக்கு நீ மாத்திரை போட்டு வைக்கும் ரொட்டி டின்னில் மருந்தே கிடையாது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

எனக்கு மருந்துக்கடையில் மூச்சு விட நேரமில்லை. மருந்து கட்டிக் கொடுப்பதில் நான் கைதேர்ந்தவனாகிவிட்டதால் முதலாளி வேறு யாரையும் நம்புவதில்லை.

பக்கத்து வீட்டுப் பாத்திமாவின் அண்ணன் பொங்கலுக்கு முன்னால் கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்குகிறார். அவரிடம் ஒரு தலையணை கொடுத்துவிடுகிறேன். பாட்டிலோடு அனுப்பினால் சுங்கத்தில் பிடுங்கிக்கொள்கிறார்கள். அதனால் மாத்திரைகளைப் பாட்டிலிலிருந்து கொட்டி, நிறம் நிறமாகத் துணியில் முடிந்து, பஞ்சுக்குள் வைத்துத் தைத்திருக்கிறேன். எந்த நிறம் எதற்கு என்று தனிச் சீட்டும் வரும். உன்னைப் பற்றி, ஊருக்கு வந்துபோகிற சபராளிகள் இங்கே பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கும் பெருமைதான்.

ஜெகபர்


கூத்தாநல்லூர்
20-1-1970

அன்பு மச்சானுக்கு,

தலையணை வந்து சேர்ந்தது. பிரித்துப் பஞ்சை அள்ளுவதற்குள் மூக்கிலும் வாயிலும் ஏறி, மாமியும் நானும் தும்மித் தும்மிச் சிரித்தோம். எல்லாவற்றையும் டின்னில் போட்டுவிட்டேன். சீட்டையும் படித்தேன். மஞ்சளுக்கும் பச்சைக்கும் விவரமாக எழுதிவிட்டு, கறுப்பு சிவப்புக்கு நேரே ‘உனக்குத் தெரிந்ததுதான்’ என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். தெரியாமல் என்ன, ஊருக்கே தெரியும்.

இங்கே அறுப்பு நின்றுவிட்டது. அரைப் படி நெல் கூலி கூட்டினால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று அக்கரைத் தெரு மொத்தமும் உட்கார்ந்துவிட்டது. மிராசுதார் தியாகராசன் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். இவர்கள் வரப்பை மறித்துக்கொண்டு நின்றார்கள். இப்போது ஆற்றுப் பாலத்தில் போலீஸ் நிற்கிறது. அக்கரைக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் மிராசுதாரின் களத்தைத் தாண்டித்தான் போக வேண்டும், யாரும் போவதில்லை. எல்லாரும் என்னிடம் வருகிறார்கள். பத்து நாளாக வயலில் இறங்கவில்லை, வயிறு காய்கிறது, அதற்கு என்ன மாத்திரை என்று ஒரு கிழவி கேட்டாள். அரிசி போட்டு அனுப்பினேன்.

இன்றைக்கு எல்லையம்மாள் வந்தாள். நகச்சுத்து. கட்டைவிரல் நுனி பழுத்து, மஞ்சளாகச் சீழ் தெரிகிறது. வலியில் நாலு நாளாகத் தூக்கமில்லையாம். கட்சிக்கொடியில் பன்னிரண்டு எண்ணிக் கொடுத்தேன். வரும் வழியில் மிராசுதாரின் காரியஸ்தர் சிவசாமி ஆற்றங்கரை மரத்தடியில் பெண்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைத்து, மோர் கொடுத்து, நாளைக்கு அறுப்புக்கு வந்துவிடுங்கள் என்று நைச்சியமாகப் பேசினாராம். மோரை மட்டும் குடிச்சிட்டு வந்துட்டேன், வெயிலு தாங்கல என்றாள். அப்படியானால் இரண்டு மணி நேரம் பொறுத்து, வீட்டுக்குப் போய்ப் போட்டுக்கொள் என்று அனுப்பியிருக்கிறேன். நீங்கள் எழுதியது ஒன்றையும் நான் மறக்கவில்லை பார்த்தீர்களா.

தபால்காரர் வரும் நேரம். மற்றவை பிறகு.

கமருன்னிஸா


கூத்தாநல்லூர்
28-1-1970

மச்சானுக்கு,

எட்டு நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். எல்லையம்மாள் செத்துப்போய்விட்டாள். உங்களுக்குக் கடிதம் போட்டேனே, அன்றைக்கே, பொழுது சாய்வதற்குள்.

அக்கரையிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டு ஓடினேன். முகம் அடையாளம் தெரியவில்லை. உதடும் கண்ணும் வீங்கி மூடிக்கொண்டு கிடந்தன. பத்து வயசு மகள் செவ்வந்தி தலைமாட்டில் உட்கார்ந்து அம்மாவுக்கு விசிறிக்கொண்டே இருந்தாள். போய்விட்டது என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

சிவசாமி மோரில் விஷம் வைத்துவிட்டான் என்கிறார்கள். சங்கத்தில் முன்னால் நிற்கிறவன் மருதையன், அதனால் அவன் பெண்டாட்டி குவளையில் மட்டும் கலந்துவிட்டான் என்கிறார்கள். மறுநாள் காலையில் நாலைந்து பேர் சிவசாமியை வாய்க்கால் மதகில் மடக்கி அடித்ததில் அவருக்குக் கை ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருக்காக மிராசுதார் ஆட்கள் அக்கரைத் தெருவைக் கொளுத்துவோம் என்று கடைத்தெருவிலேயே பேசுகிறார்கள். போன மார்கழிக்கு முந்தின மார்கழியில் கீழ்ப்பக்கத்தில் குடிசைக்குள் ஆட்களை வைத்துக் கொளுத்தியதைப் பார்த்தவர்கள் நாங்கள், இதை வாய்ப்பேச்சு என்று விட முடியவில்லை. ஆஸ்பத்திரியில் அறுத்துப் பார்த்துவிட்டுக் குடலை மெட்ராசுக்கு அனுப்பியிருக்கிறார்கள். முடிவு வர மாசக்கணக்காகுமாம்.

முகம் வீங்கி மூச்சு முட்டும் என்று அவள் எனக்குச் சொன்ன கதையை நான்தான் உங்களுக்கு எழுதினேன். மோர் குடித்த மற்றப் பெண்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறார்கள். இது இரண்டையும் நான் ஒருத்திதான் சேர்த்துப் பார்க்கிறேன். வேறு யாருக்கும் தோன்றவில்லை.

பழைய கட்சிக்கொடி ஒன்று டின்னின் மூலையில் கிடந்தது. புதுசையும் அதையும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நிறம் ஒன்றேதான். புதுசு ஒரு துளி நீளம். மேலே எழுத்து ஏதோ இருக்கிறது, அது பழசில் இல்லை. அன்றைக்கு ஏன் எனக்கு இது கண்ணில் படவில்லை?

ஒன்றைப் பஞ்சில் சுற்றி இந்த உறையில் வைத்திருக்கிறேன். கம்பவுண்டரான உங்களுக்குப் பார்த்ததுமே தெரியும். இது என்ன மருந்து? எனக்கு ஆறுதல் எதுவும் எழுத வேண்டாம். இது என்ன மருந்து என்று மட்டும் எழுதுங்கள்.

கமருன்னிஸா


பினாங்கு
31-1-1970

கமருன்னிஸாவுக்கு,

இருபதாம் தேதி எழுதியது இன்று வந்தது. தும்மிச் சிரித்ததைப் படித்து நானும் சிரித்தேன். மோர் விஷயத்தை நினைவில் வைத்திருந்து சொன்னாயே, கெட்டிக்காரி. இங்கே படித்துப் பட்டம் வாங்கியவர்களே அதை மறந்துவிடுகிறார்கள். மருதையன் பெண்டாட்டிக்கு இதற்குள் விரல் ஆறியிருக்கும். பன்னிரண்டையும் முடிக்கச் சொல், பாதியில் விட்டால் கிருமி மிச்சமிருந்து மறுபடி கிளம்பும்.

அடுத்த கப்பலுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஜெகபர்


பினாங்கு
8-2-1970

கமரு,

உன் இருபத்தெட்டாம் தேதிக் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது.

அது ஆம்பிசிலின். பெனிசிலின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெனிசிலின் ஆகாதவருக்கு அதைக் கொடுக்கவே கூடாது.

இது எனக்குப் பார்த்ததும் தெரியவில்லை. கடையில் மருந்து கட்டும் சீனத்துப் பெண்மணியிடம் காட்டிக் கேட்டேன். அவர் எழுத்தைப் பார்த்ததும் சொல்லிவிட்டார். யாருக்குக் கொடுத்தாய் என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்றேன். வேலை போய்விடும் என்ற பயம்.

நான் கம்பவுண்டர் இல்லை. ஏழு வருஷமாக இந்தக் கடையின் கிடங்கில் பெட்டி தூக்குகிறேன். இங்கே வந்ததும் எழுதிய முதல் கடிதத்தில் கம்பவுண்டர் என்று வாய்க்கு வந்தபடி எழுதிவிட்டேன், பிறகு அதைத் திருப்பி வாங்க வழியில்லை. நீ என்னைப் பற்றி ஊரெல்லாம் சொன்னாய், உம்மா சொன்னார்கள், சம்பந்தி வீடுகளில் எனக்கு மரியாதை வந்தது. உனக்கு எழுதிய அறிவுரைகள் பொய் இல்லை. அந்தப் பெண்மணி வாடிக்கையாளருக்குச் சொல்வதை ஒட்டுக்கேட்டும், பெட்டிக்குள் இருக்கும் தாளை அவரையே படிக்கச் சொல்லியும் தெரிந்துகொண்டவை. ஆனால் மாத்திரைகள் உடைந்த பெட்டிகளில் மிஞ்சியவை, முதலாளி கழித்துப் போடச் சொன்னவை. இந்தத் தடவை இரண்டு பாட்டிலில் காகிதம் கிழிந்திருந்தது. உள்ளே கறுப்பும் சிவப்பும் தெரிந்தது, நமக்குத் தெரிந்ததுதான் என்று நினைத்துக் கொட்டிவிட்டேன். ஒரு வார்த்தை அந்தப் பெண்மணியிடம் கேட்டிருக்கலாம். இருபதடி தூரத்தில்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். கேட்டால் எதற்கு என்று கேட்பாரே என்று கேட்கவில்லை.

இனி நான் சொல்வதைக் கேள். அந்த டின்னைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்துவிடு. யாரிடமும் மூச்சு விடாதே. நீ தனியாக இருக்கும் பெண், உம்மா நடக்க முடியாதவர். அக்கரைக்காரர்கள் என்ன மனநிலையில் இருக்கிறார்களோ தெரியாது. மோர் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும். சிவசாமி ஒன்றும் நல்லவர் இல்லை. போனவள் திரும்பி வரப் போவதில்லை.

இதை எழுதுகிற கை என்னுடையதுதான் என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. இருந்தாலும் புதைத்துவிடு.

ஜெகபர்


கூத்தாநல்லூர்
22-2-1970

மச்சானுக்கு,

ஹஜ்ஜுப் பெருநாள் அன்றைக்கு உங்கள் கடிதம் வந்தது. மாமி புதுப்புடவை கட்டிக்கொண்டு, மகன் என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார். நலமாக இருக்கிறாராம் என்றேன். நீங்கள் பெட்டி தூக்குவது எனக்கு அவமானம் இல்லை. இதை முதலிலேயே சொல்லியிருந்தால் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், அவ்வளவுதான். சொல்லாததால் என் கையால் ஒருத்தி செத்தாள். உங்களைத் திட்ட வாய் வருகிறது. ஆனால் டாக்டரம்மா என்று கூப்பிட்டபோது உள்ளுக்குள் குளிர்ந்தது நான்தானே.

டின்னைப் புதைக்கவில்லை. மறுநாளே அதை எடுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரி டாக்டர் சாவித்திரியிடம் போனேன். அவர் திட்டியிருந்தால் தேவலை. டின்னை மேஜையில் கொட்டி, ஒவ்வொன்றாக ஒதுக்கிக்கொண்டே, நகச்சுத்து எந்த அளவில் இருந்தது என்று கேட்டார். சீழ் தெரிந்தது என்றேன். அதற்குப் பெரும்பாலும் மாத்திரையே தேவைப்படாது, கீறிச் சீழை வெளியேற்றி, வெந்நீரில் விரலை வைக்கச் சொல்லி அனுப்பினால் இரண்டு நாளில் ஆறிவிடும் என்றார். அரை மணி நேர வேலை. இதைக் கேட்டதிலிருந்து வேறு எதுவும் காதில் ஏறவில்லை. இத்தனை மாத்திரையில் எது சரி என்றுதான் நான் தேடினேன், எதுவும் வேண்டாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அங்கிருந்து நேராக அக்கரைக்குப் போனேன். பாலத்துப் போலீஸ்காரர் எங்கே என்று கேட்டார். துக்கத்துக்கு என்றேன். மருதையன் குடிசை வாசலில் சங்கத்துத் தலைவர் அமிர்தலிங்கமும் இன்னும் பத்துப் பேரும் உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்தால் எழுந்து ஓடிவிடுவேன் என்று நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்கள் பொய்யையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

பிறகு அமிர்தலிங்கம், மறுநாள் தாசில்தார் முன்னால் கூலிப் பேச்சுவார்த்தை இருக்கிறது, அது முடியும்வரை இதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். மருதையன் அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துப் பேசினார்.

“மொத மாத்திரை போட்டதுமே நாக்கு தடிக்குது, தொண்டைய அடைக்குதுன்னா. பாயம்மா குடுத்தது தப்பாப் போவாது, இன்னொண்ணு போட்டா சரியாயிடும்னு நான்தாங்க எடுத்து அவ வாயில போட்டேன். தண்ணியும் நான்தான் ஊத்துனேன். அதை யாருகிட்டப் போயிச் சொல்லுவேன்? மோருன்னு நெனச்சுக்கிட்டா தாங்க முடிஞ்சுது.”

அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதேன். அவர் அழவில்லை. எழுந்து, சட்டை மாட்டிக்கொண்டு, வாங்க போலீசுல போயி எழுதிக் குடுத்துடுவோம் என்றார். அவர் மோர் இல்லை என்று எழுதிக் கைநாட்டு வைத்தார், நான் மாத்திரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் மேல் கேஸ் வரும் என்றார்கள், வரட்டும். சிவசாமியை அடித்தவர்கள் மூன்று பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். தெருவைக் கொளுத்துகிற பேச்சு அடங்கிவிட்டது. பேச்சுவார்த்தையில் அரைப் படி கேட்டதற்குக் கால் படிதான் கிடைத்தது. என்னால்தான் மிச்சம் போயிற்று என்று தெருவில் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம்.

நேற்று மருதையன் வந்து கொல்லைப்புறத்தில் நின்றார். செவ்வந்திக்கும் அந்த மருந்து ஆகாதா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். டாக்டர் சாவித்திரியிடம் அழைத்துப் போய்க் கேட்டு எழுதி வாங்கிவருகிறேன் என்று சொன்னேன். அவருக்கு அறுப்பு வேலை. பிள்ளையை என்னோடு அனுப்பினார்.

இன்று காலையில் இரண்டு பேரும் நடந்தோம். வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் அவளுக்குத் தாகம் எடுத்தது, உதட்டை நக்கிக்கொண்டே வந்தாள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன செம்புத் தண்ணீரை நீட்டினேன். என் கையையும் செம்பையும் பார்த்தாள். கரையிலிருந்து இறங்கிப் போய், ஆற்றில் கணுக்கால் அளவு கிடந்த தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளிக் குடித்துவிட்டு வந்தாள்.

கமருன்னிஸா